அரசுரிமையும் வயதும்: கொங்கு எல்லை சமஸ்தானங்களில், 1919–1939

முதல் உலகப் போர் முடிந்த பின் இரண்டாம் உலகப் போர் தொடங்கும் வரையான இருபது ஆண்டுகளில், தென்னிந்திய சமஸ்தானங்களில் அரியணைக்கு வந்தவரின் வயது பொதுவாழ்வின் பெருங்கேள்வியாக இருந்தது. சில இடங்களில் அரசர் சிறுவர். சில இடங்களில் முதியவர். இரண்டு நிலையிலும் அதிகாரம் வேறொருவர் கைக்குப் போயிற்று. அந்த வேறொருவர் அரசருக்குப் பதிலாக ஆண்ட ரீஜண்டு மகாராணியாகவோ, திவானாகவோ, பிரிட்டிஷ் அதிகாரியாகவோ இருந்தார். கோயில் நுழைவு, பொறுப்பாட்சி, மருமக்கள் தாயச் சட்டத் திருத்தம் முதலிய அக்காலப் பெரும் பிரச்சினைகள் யாவும் இந்த ஏற்பாட்டின் ஊடாகவே நடந்தன.

கோயம்புத்தூர் மாவட்டம் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்தது. ஆனால் அதைச் சுற்றி அரசர்கள் இருந்தார்கள். வடக்கே மைசூர். இன்று கர்நாடகத்தில் உள்ள கொள்ளேகால் வட்டம் 1956 வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. மேற்கே, பாலக்காட்டுக் கணவாயின் வாயிலில், கொச்சி சமஸ்தானத்தின் சித்தூர் வட்டம். தெற்கே ஆனைமலைக்கு அப்பால் திருவிதாங்கூர். உடுமலையிலிருந்து மறையூருக்கு மலையேறினால் அந்த நாட்டின் எல்லை வந்துவிடும். திருச்சியைத் தாண்டிக் கிழக்கே புதுக்கோட்டை. ஆகவே இந்த சமஸ்தானங்களின் வாரிசுச் செய்திகள் கோவைக்கு அண்டை வீட்டுச் செய்திகளாகவே வந்து சேர்ந்தன. அதைவிட முக்கியமாக, அந்த நாடுகளின் வரலாற்றைத் திருப்பியவர்களுள் இருவர் கொங்கிலிருந்து சென்றவர்கள்: ஈரோட்டுப் பெரியார் ஈ.வெ.ராமசாமி, கோவை ஆர்.கே.சண்முகம் செட்டியார்.

உரிமை முறைகளின் வகை

தென்னிந்திய அரசுகளில் வாரிசுரிமை மூன்று வகையாக இருந்தது.

முதலாவது தந்தைவழி. மைசூர் உடையார்களும் புதுக்கோட்டைத் தொண்டைமான்களும் இதைப் பின்பற்றினர். மூத்த மகன் பட்டத்துக்கு வருவான். மகன் இல்லையெனில் தத்து அல்லது நெருங்கிய பங்காளியின் மகன். இந்த முறையில் தந்தை இளமையில் இறந்தால் குழந்தை அரசராகிவிடும். மைசூரில் 1894இல் பத்து வயது நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அரசரானார். 1902இல் கர்சன் பிரபு அவருக்கு அதிகாரம் வழங்கும் வரை தாயார் வாணி விலாச சன்னிதானம் ரீஜண்டாக ஆண்டார்.

இரண்டாவது திருவிதாங்கூரின் தாய்வழி, அதாவது மருமக்கள் தாயம். அரசரின் மகனுக்கு உரிமை இல்லை. சகோதரியின் மகனுக்கே உரிமை. பெண்வழி அற்றுப்போகும் நிலை வந்தால் உறவுக் கோவிலகங்களிலிருந்து, அதாவது அரசமரபு வீடுகளிலிருந்து, பெண்களைத் தத்தெடுப்பார்கள். 1900இல் மாவேலிக்கரையிலிருந்து சேது லட்சுமி பாய், சேது பார்வதி பாய் என்ற இரு சிறுமிகள் இப்படித்தான் தத்தெடுக்கப்பட்டனர். குடும்பம் சிறியது என்பதால் இங்கும் குழந்தை அரசர் வர வாய்ப்பு இருந்தது.

மூன்றாவது கொச்சியின் மூப்பு முறை. இதுவும் தாய்வழிதான்; ஆனால் குடும்பம் மிகப் பெரியது. பல கிளைகளிலும் பிறந்த ஆண்களுள் வயதில் மூத்தவர் எவரோ அவரே அரசர். அவருக்கு அடுத்த மூத்தவர் இளைய ராஜா. கோழிக்கோட்டு சாமூதிரிக் குடும்பத்திலும் இதே வழக்கம் இருந்தது. இங்கே குழந்தை அரசருக்கு இடமே இல்லை. ஆனால் அரியணை நெருங்கி வரும்போது ஒருவர் கிழவராகியிருப்பார்.

கொச்சி: மூப்பு முறையின் பழைய வரலாறு

பெரும்படப்புச் சொரூபம் எனப்படும் கொச்சி அரசகுடும்பம் தன்னைச் சேரமான் பெருமாளின் மரபாகச் சொல்லிக்கொள்கிறது. வன்னேரியில் பெரும்படப்பு என்ற ஊரில் இருந்த சித்திரகூடமே அதன் மூல இருக்கை. சாமூதிரியின் நெருக்கடியால் அரசர்கள் கொடுங்கல்லூருக்கு, அதாவது பழைய மகோதயபுரத்துக்குப் பெயர்ந்தனர். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் கொடுங்கல்லூர்த் துறைமுகத்தை மணல் மூடச் செய்து, கொச்சியில் புதிய துறைமுகத்தைத் திறந்துவிட்டது. பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அரசர்களும் கொச்சிக்கு வந்தனர்.

குடும்பம் ஐந்து தாய்வழிகளாகப் பிரிந்தது: மூத்த, இளைய, பள்ளுருத்தி, மடத்துங்கல், சாழூர். கொச்சி வரலாற்றின் பெரும்பகுதி இந்தக் கிளைகளின் போட்டி வரலாறே. முற்காலத்தில் மேலும் ஒரு சிக்கல் இருந்தது. அனைத்துக் கிளைகளிலும் மூத்தவரான பெரும்படப்பு மூப்பில் துறவு போன்ற வாழ்க்கையில் கோயிலை அண்டி இருப்பார். நாட்டை ஆள்பவர் அவருக்கு இளையவர். மூப்பில் காலமானால், ஆளும் அரசர் முடியைத் துறந்து அவர் இடத்துக்குச் செல்ல வேண்டும் என்பது மரபு. வயதையே ஆட்சியின் வரம்பாக வைத்த இந்த ஏற்பாடு இந்தியாவில் வேறெங்கும் இவ்வளவு கண்டிப்பாக இருந்ததாகத் தெரியவில்லை.

இதை முறித்தவர்கள் போர்த்துகீசியர். 1500இல் காப்ரால் கொச்சிக்கு வந்தார். 1503இல், போர்த்துகீசியரை ஒப்படைக்க மறுத்த கொச்சி அரசர்மீது சாமூதிரி படையெடுத்தார். அடுத்த ஆண்டு துவார்த்தே பச்செக்கோ சிறு படையுடன் கொச்சியைக் காத்தார். பழைய அரசருக்குப் பின் உரிமை யாருக்கு என்ற வழக்கில், சாமூதிரியின் பக்கம் சேர்ந்த கிளை தள்ளிவைக்கப்பட்டது. 1510 வாக்கில் மூப்பில் காலமானபோது ஆளும் அரசர் மரபுப்படி பதவி விலக முற்பட்டார். போர்த்துகீசியர் அதைத் தடுத்து, தமக்கு நட்பானவரையே அரியணையில் இருத்தினர். மூப்பு முறை உயிரோடு இருந்தது. ஆனால் எந்தக் கிளையின் மூப்பு கணக்கில் வரும் என்பதை இனிக் கடல் கடந்து வந்தவர்கள் முடிவு செய்தார்கள். 1663இல் டச்சுக்காரர் போர்த்துகீசியரை வென்றதும் மூத்த தாய்வழியைச் சேர்ந்த வீர கேரள வர்மருக்கு முடிசூட்டினர். அந்த முடியில் டச்சு நிறுவனத்தின் முத்திரை பொறிக்கப்பட்டிருந்தது. 1790 முதல் 1805 வரை ஆண்ட சக்தன் தம்புரான் நாட்டை ஒரே கையில் திரட்டினார். ஆனாலும் 1791இல் ஆங்கிலக் கம்பெனிக்குக் கப்பம் கட்ட ஒப்பந்தம் செய்தார். அவருக்குப் பின் கிளைகளின் சண்டை ஓய்ந்து, மூப்பு வரிசை அமைதியாக நடந்தது.

வரிசை அமைதியாகவே நடந்தாலும் அதன் கணக்கு எளிதல்ல. கொச்சி அரசர்களின் பெயர்கள் ராம வர்மா, கேரள வர்மா, ரவி வர்மா என்ற மூன்றுக்குள் சுழன்றன. ஆகவே மக்கள் அரசர்களை இறந்த இடத்தைக் கொண்டு அடையாளம் சொன்னார்கள்: மதராசில் தீப்பெட்ட தம்புரான், சொவ்வரையில் தீப்பெட்ட தம்புரான். முதுமையே ஆட்சியின் வாயிலாக இருந்த நாட்டில் அரசரின் பெயரோடு சாவு ஒட்டிக்கொண்டது இயல்புதான்.

கொச்சி: 1914 முதல்

இருபதாம் நூற்றாண்டில் கொச்சியின் ஆற்றல்மிக்க அரசர் ராஜரிஷி எனப்பட்ட ராம வர்மா. 1852இல் பிறந்து 1895இல் அரசரானவர். ஷொர்ணூரிலிருந்து எர்ணாகுளத்துக்கு 1902இல் இரயில் வந்தது இவர் முயற்சியால்; அதற்குத் திருப்பூணித்துறைக் கோயிலின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றுப் பணம் திரட்டினார். பிரிட்டிஷாருடன் மனம் ஒவ்வாமல் 1914 டிசம்பரில் முடி துறந்தார். முடி துறந்தவர் 1932 வரை உயிரோடு இருந்தார் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவரைத் தொடர்ந்து வந்த ராம வர்மா 1932இல் சென்னையில் காலமானார். இவருடைய ஆட்சியில் மனைவி பாருக்குட்டி நேத்தியாரம்மாவின் கை ஓங்கியிருந்தது. மருமக்கள் தாயத்தில் அரசரின் மனைவி அரசி அல்லர். பிள்ளைகள் வாரிசுகளும் அல்லர். அப்படியிருந்தும் அரசர் முதிர முதிர, அந்த அம்மையாரின் சொல் திவான் அலுவலகம் வரை எட்டிற்று. இதைக் குறையாகப் பேசிய ஏடுகள் அன்று உண்டு. ஆனால் நிர்வாகத் திறன் மிகுந்த ஒரு பெண்ணை மரபு ஒதுக்கிவைத்த இடத்திலிருந்து அவரே மீண்டார் என்று சொல்வதே பொருத்தம்.

1932இல் அரியணை ஏறியவர் அப்போதே எழுபதை எட்டியிருந்தார். அவர் 1941 வரை ஆண்டார். அவருக்குப் பின் கேரள வர்மா 1941 முதல் 1943 வரை, ரவி வர்மா 1943 முதல் 1946 வரை, கேரள வர்மா 1946 முதல் 1948 வரை, பரீட்சித்து தம்புரான் எனப்பட்ட ராம வர்மா அதன் பின். எல்லோரும் எழுபதைக் கடந்த பிறகே பட்டம் பெற்றவர்கள். ஐந்து அரசர்கள், பதினேழு ஆண்டுகள். இத்தகைய வரிசை இருந்தால், நாட்டின் கொள்கை ஒரு அரசரோடு வளர்வதற்கு இடமில்லை; ஆண்டுக்கணக்கில் நிலையாக இருப்பவர் திவான் ஒருவரே.

அந்த இடத்துக்கு 1935இல் கோவையிலிருந்து ஒருவர் சென்றார். ராமசாமி செட்டியார் கந்தசாமி செட்டியார் சண்முகம் செட்டியார், 1892இல் கோவையில் பிறந்தவர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர். 1917இல் கோவை நகராட்சியின் துணைத் தலைவர். பின்னர் சென்னை சட்டமன்றத்திலும் மத்திய சட்டசபையிலும் உறுப்பினர். 1933–34இல் மத்திய சட்டசபையின் தலைவர். 1932இல் ஒட்டாவாப் பொருளாதார மாநாட்டின் பிரதிநிதி. திவானாகும்போது அவருக்கு நாற்பதுகளின் தொடக்க வயது. அரசருக்கோ எழுபதுகளின் நடுப்பகுதி. ஆட்சியின் வேகம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதில் ஐயம் வேண்டியதில்லை.

அவர் காலத்தில் நடந்தவை பல. எர்ணாகுளத்துக்கு எதிரே வில்லிங்டன் தீவு உருவாகி, கொச்சித் துறைமுகம் பெரிய துறைமுகமாயிற்று. ராபர்ட் பிரிஸ்டோவின் பொறியியல் பணிக்கு திவானின் ஆதரவு கிடைத்தது. 1936இல் திருச்சூருக்கு மின்சாரம் வழங்கும் உரிமத்தைச் சென்னையைச் சேர்ந்த ஒரு தனியார் நிறுவனத்துக்கு அளித்ததை எதிர்த்து நகர மக்கள் திரண்டனர். விளக்கு வைக்க மறுத்து, கூட்டங்கள் கூடி, அறப்போர் நடத்தினர்; ஆனால் அரசு பின்வாங்கவில்லை. திவானின் முடிவு தவறு என்பதே பொதுவான கருத்து. ஆனால் அந்தக் கிளர்ச்சியில் கலந்துகொண்டவர்களே பின்னர் கொச்சியின் அரசியல் இயக்கத்தை நடத்தினார்கள். 1938இல் கொச்சி அரசுச் சட்டம் வந்தது. சமஸ்தானங்களுள் முதன்முதலாக, ஆட்சித்துறைகளில் ஒரு பகுதி மக்கள் பிரதிநிதியான அமைச்சரிடம் ஒப்படைக்கப்பட்டது. முதல் அமைச்சர் அம்பாட்டு சிவராம மேனன். அவர் சில மாதங்களில் காலமானதும் டாக்டர் ஏ.ஆர்.மேனன் பொறுப்பேற்றார். முதிய அரசரின் பெயரில் இளைய திவான் கொண்டுவந்த இந்த ஏற்பாடு முழுப் பொறுப்பாட்சி அல்ல. அதற்கான கதவு என்பதே சரியான மதிப்பீடு.

சண்முகம் செட்டியார் தமிழ்ப் புலமை உடையவர். சிலப்பதிகாரத்தின் புகார்க்காண்டத்துக்கு உரை எழுதியவர். அந்த நூலின் ஆசிரியரைப் பற்றிய கதையே அரசுரிமையும் வயதும் பற்றியதுதான். சேர அரசரின் இளைய மகன் அரியணை ஏறுவான் என்று ஒரு நிமித்திகன் சொல்ல, மூத்தவனான செங்குட்டுவனின் உரிமை கெடக் கூடாது என்று இளங்கோ துறவு பூண்டார் என்பது அது. சேரமானின் மரபு என்று சொல்லிக்கொண்ட ஒரு அரசின் திவானுக்கு இந்தக் கதை எவ்வளவு அண்மையில் இருந்திருக்கும்! சண்முகம் செட்டியார் 1941இல் கொச்சியை விட்டு விலகினார். 1947இல் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார்.

திருவிதாங்கூர்

1924 ஆகஸ்டில் ஸ்ரீமூலம் திருநாள் காலமானார். அடுத்த வாரிசான சித்திரைத் திருநாள் பலராம வர்மா 1912 நவம்பர் 7இல் பிறந்தவர், வயது பதினொன்று. ஆகவே மூத்த மகாராணி சேது லட்சுமி பாய் தமது இருபத்தெட்டாம் வயதில் ரீஜண்டாக ஆட்சி ஏற்றார். அரசரின் தாயார் இளைய மகாராணி சேது பார்வதி பாய். இருவரும் ஒன்றாகத் தத்தெடுக்கப்பட்டவர்கள். ஒருவர் நாட்டை ஆள, இன்னொருவர் அரசரின் தாயாக அரண்மனையில் இருந்தார். இந்த இரட்டை நிலை ஏழு ஆண்டுக்காலம் திருவிதாங்கூர் அரசியலின் அடித்தளமாயிற்று.

அந்த ஆகஸ்டில் பெரியார் திருவனந்தபுரம் சிறையில் இருந்தார். வைக்கத்தில் மகாதேவர் கோயிலைச் சுற்றிய சாலைகளில் தாழ்த்தப்பட்டோரும் ஈழவரும் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்த சத்தியாகிரகம் 1924 மார்ச்சு இறுதியில் தொடங்கியது. தலைவர்கள் கைதாகவே, ஈரோட்டிலிருந்து ஏப்ரலில் அவர் போய்ச் சேர்ந்தார். முதலில் ஒரு மாதச் சிறை; விடுதலையானதும் மீண்டும் போராட்டம்; இரண்டாம் முறை நான்கு மாதக் கடுங்காவல். சத்தியாகிரகிகளை அழிக்க எதிராளிகள் சத்துரு சங்கார யாகம் நடத்தினார்கள் என்றும், அது முடியுமுன் அரசர் மாண்டார் என்றும் பெரியார் பின்னாளில் மேடைகளில் சொல்வார். அரசர் மரணத்தை ஒட்டி ரீஜண்டு மகாராணியின் ஆட்சி சத்தியாகிரகக் கைதிகளை விடுவித்தது. பெரியாரும் வெளியே வந்தார்.

1925 மார்ச்சில் காந்தியடிகள் வர்க்கலையில் ரீஜண்டைச் சந்தித்தார். சாலைகளைத் திறக்க மகாராணிக்கு விருப்பம் இருந்தது. ஆனால் தாம் அரசரின் பொறுப்பைத் தற்காலிகமாகத் தாங்குபவர் என்ற நிலை அவரைக் கட்டிப்போட்டது. சிறுவரான அரசரையும் காந்தியடிகள் பார்த்தார். உங்கள் ஆட்சியில் கோயில்களைத் திறப்பீர்களா என்று கேட்டதற்குச் சிறுவர் ஆம் என்றார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. 1925 நவம்பரில் ஏற்பட்ட உடன்பாட்டின்படி மூன்று பக்கச் சாலைகள் திறக்கப்பட்டன. கிழக்குப் பக்கம் மட்டும் மூடியே இருந்தது.

ரீஜண்டு ஆட்சியின் சாதனைகள் குறைத்து மதிப்பிடத்தக்கவை அல்ல. கோயில்களில் உயிர்ப்பலி 1925இல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு நாயர் சட்டம், தறவாடு எனப்படும் கூட்டுக் குடும்பத்தின் சொத்தைப் பங்கிட வழி செய்து, நாட்டில் மருமக்கள் தாயத்தின் முதுகெலும்பை உடைத்தது. மகாராணியின் உரிமைக்கே அடிப்படையான முறை குடிமக்களிடம் கலைந்துகொண்டிருக்க, அரண்மனையில் மட்டும் அது அசையாமல் நின்றது. எம்.இ.வாட்ஸ் என்ற கிறித்தவர் 1925 முதல் 1929 வரை திவானாக இருந்ததைப் பிடிக்காதவர்கள் ஆட்சிமீது கடுமையான எழுத்துப் போர் நடத்தினர். 1926இன் பத்திரிகைச் சட்டம் அதற்கான பதில்; அந்தச் சட்டம் ஆட்சியின் மிகப் பெரிய களங்கம்.

அரசர் 1930 நவம்பரில் பதினெட்டு வயது நிறைந்தும் உடனே அதிகாரம் பெறவில்லை. மைசூரில் நிர்வாகப் பயிற்சி முடிந்த பின் 1931 நவம்பர் 6இல்தான் முழு அதிகாரம் வந்தது. ஓராண்டுத் தாமதத்தைச் சிலர் ரீஜண்டின் சூழ்ச்சி என்றார்கள். ஆனால் இளம் அரசர்களுக்கு ஆட்சிப் பயிற்சி தருவது அக்காலப் பிரிட்டிஷ் வழக்கமே. அதிகாரம் வந்த கையோடு சி.பி.ராமசாமி ஐயர் அரசரின் சட்ட ஆலோசகரானார். 1936இல் திவான் ஆனார்.

1936 நவம்பர் 12இல், அரசரின் இருபத்து நான்காம் பிறந்தநாளை ஒட்டி, கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது. திருவிதாங்கூர் அரசின் கட்டுப்பாட்டில் உள்ள கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டன. அப்போது கொச்சி அரசருக்கு வயது எழுபத்து நான்கு. அவர் இதை ஏற்கவில்லை. திருவிதாங்கூர்க் கோயில்களில் பூசை செய்த தந்திரிகளைத் தீண்டக்கூடாதவர்களாகக் கருதி, தம் நாட்டுக் கோயில்களில் அவர்களைத் தடுத்தார். கொச்சிக் கோயில்கள் திறக்கப்பட மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. ஒரே மொழி, ஒரே குல மரபு, ஒரே கோயில் ஆசாரம் கொண்ட இரு நாடுகள் இவ்வாறு எதிரெதிர்த் திசையில் சென்றதற்கு, இரு அரசர்களின் வயதுக்கிடையே இருந்த ஐம்பதாண்டு இடைவெளியே பெருங்காரணம்.

புதுக்கோட்டை

மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1886இல் பதினோராம் வயதில் பட்டம் பெற்றவர். சேஷையா சாஸ்திரி ரீஜண்டாக ஆண்டு, நகரத்தை நேர்த்தியாக்கி, 1894இல் ஆட்சியை அவரிடம் ஒப்படைத்தார். 1915இல் அரசர் மெல்போர்னில் மாலி ஃபிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அடுத்த ஆண்டு மகன் பிறந்தான். திருமணத்தையும் மகனின் உரிமையையும் பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. அரசர் நாட்டை விட்டு அகன்றார். 1922 முதல் அவர் சகோதரர் ரகுநாத பல்லவராயர் ரீஜண்டாக இருந்தார். 1928 மே மாதம் பாரிசில் அரசர் காலமானார். பிறந்த மகன் உயிரோடு இருந்தும், குடும்பத்தின் வேறொரு கிளையிலிருந்து ராஜகோபாலத் தொண்டைமான் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1928 நவம்பரில் அவர் அரியணை ஏறியபோது வயது ஆறு.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் நிர்வாகிகளின் காலம். 1931இல் வரிகளை எதிர்த்துக் கலவரம் நடந்தது. 1934 முதல் 1946 வரை அலெக்சாண்டர் டாட்டன்ஹம் என்ற ஆங்கிலேயர் நிர்வாகியாக இருந்தார். 1944இல் அரசருக்கு முழு அதிகாரம் வந்தது. 1948 மார்ச்சு 3இல் சமஸ்தானம் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துடன் இணைந்தது. சிறுவயது முதல் அரசராகவே வளர்ந்தவர் அரசராக ஆண்டது நான்கே ஆண்டுகள்.

ஜமீன்கள்: மைனர் பருவம்

பிரிட்டிஷ் மாவட்டங்களுக்குள்ளும் வயது அதிகாரத்தைத் தீர்மானித்தது. கொங்கில் ஊத்துக்குளிக் காலிங்கராயர், சமத்தூர் வாணவராயர், பழையகோட்டைச் சர்க்கரை மன்றாடியார் முதலிய குடும்பங்களில் பட்டம் மூத்த மகனுக்கே போகும். 1875இன் வயதுச் சட்டப்படி இந்தியாவில் ஒருவர் பதினெட்டில் மேஜராவார். ஆனால் நிலம், மைனர்களின் சொத்தை நிர்வகித்த கோர்ட் ஆப் வார்ட்ஸின் பொறுப்பில் இருந்தால் இருபத்தொன்று வரை மைனர்தான். சென்னை மாகாணத்தில் 1902இன் சட்டம் இந்த ஏற்பாட்டை ஒழுங்குபடுத்தியது. ஊரார் பேச்சில் மைனர் என்ற சொல்லுக்கு வேறு நிறமும் சேர்ந்ததற்கு இந்தக் கூடுதல் மூன்றாண்டுகளே காரணமாக இருக்க வேண்டும்.

மைனர் ஜமீன்தார்களைப் படிக்க வைக்கச் சென்னையில் நியூவிங்டன் மாளிகையில் ஒரு பள்ளி நடந்தது. 1919 அக்டோபரில் அதன் தலைவர் கிளமெண்ட் டி லா ஹே இரவில் சுட்டுக்கொல்லப்பட்டார். கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன்களின் இளவாரிசுகள்மீது சந்தேகம் விழுந்தது. வழக்கு பம்பாய்க்கு மாற்றப்பட்டு, குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானார். வழக்குச் செலவே சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் மாஞ்சோலைக் காடுகளை பம்பாய் பர்மா நிறுவனத்துக்குத் தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகைக்கு விட்டதன் காரணம் என்று நெல்லையில் சொல்வார்கள்.

பிரிட்டிஷ் முடியும் கோவையும்

கோவையில் நேரடியாக ஆண்டது இங்கிலாந்து முடி. 1892இல் கட்டப்பட்ட விக்டோரியா டவுன் ஹால் ராணியைச் சிறப்பிக்க எழுந்தது. இரு போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் மன்னரின் பிறந்தநாளும் புத்தாண்டும் பட்டங்கள் அறிவிக்கும் நாட்கள். ஐந்தாம் ஜார்ஜின் பிறந்தநாளான ஜூன் 3 நெருங்கும்போது மாகாணம் எங்கும் ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டியலுக்காகக் காத்திருந்தது. அந்தக் காலத்தில் உருவாகி வளர்ந்த ஆர்.எஸ்.புரம், கோவை நகராட்சித் தலைவராக இருந்த திவான் பகதூர் சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியாரின் பெயரைத் தாங்கியது. சிறுவாணித் தண்ணீர் 1929இல் நகருக்கு வந்ததில் அவர் பங்கு பெரிது. ஆர்.எஸ்.புரத்தின் முதன்மைச் சாலைக்கு திவான் பகதூர் சாலை என்று பெயர், மக்கள் டி.பி.ரோடு என்பார்கள். நகர மக்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தவரின் உழைப்பு, மன்னரின் பிறந்தநாள் பட்டியலை விட மேலானது என்பதை அந்தச் சாலையில் நடப்போர் அறிந்திருப்பது நல்லது.

1935 மே மாதம் ஐந்தாம் ஜார்ஜின் வெள்ளிவிழா இந்தியா முழுவதும் கொண்டாடப்பட்டது. 1936இல் மட்டும் மூன்று மன்னர்கள்: ஜனவரியில் ஐந்தாம் ஜார்ஜ் மறைந்தார், எட்டாம் எட்வர்டு டிசம்பரில் முடி துறந்தார், ஆறாம் ஜார்ஜ் வந்தார். அடுத்த வாரிசான எலிசபெத்துக்குப் பத்து வயது. உடனே 1937இல் ரீஜென்சிச் சட்டம் நிறைவேறி, மன்னருக்குப் பதினெட்டு நிறையும் வரை ரீஜண்டு ஆள்வார் என்று வகுத்தது. உலகெங்கும் அக்காலம் குழந்தை அரசர்களின் காலம்: 1927இல் ருமேனியாவில் ஐந்து வயது மிகாய், 1934இல் யூகோஸ்லாவியாவில் பதினொரு வயது பீட்டர், 1935இல் சயாமில் ஒன்பது வயது ஆனந்த மகிதல், 1939இல் ஈராக்கில் மூன்று வயது பைசல். திருவிதாங்கூர் இந்த வரிசையில் முன்னோடி; புதுக்கோட்டையும் இதில் சேரும்.

பிற்கால நிலை

1949 ஜூலை 1இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. சித்திரைத் திருநாள் புதிய மாநிலத்தின் தலைவரான ராஜபிரமுகர் ஆனார். 1948இன் சென்னை மாகாணச் சட்டம் ஜமீன்களை ஒழித்தது. 1971இல் அரசியலமைப்பின் 26ஆம் திருத்தம் அரசர்களுக்கான அங்கீகாரத்தையும் மானியத்தையும் நீக்கியது. சித்திரைத் திருநாள் 1991இல் காலமானார். 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம், திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாகத்தில் திருவிதாங்கூர் குடும்பத்துக்கு உள்ள உரிமை அவரது மறைவுக்குப் பின்னும் தொடர்கிறது என்று தீர்ப்பளித்தது.